நடு சீட்டு

இந்த ஃபாரத்தை மட்டும் எங்கிட்ட நீட்டாதீங்க தம்பி. வேற எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்னு கேட்டு, கீழ பத்து கட்டம். அரை மார்க்குக்கு எடமே இல்ல பாருங்க. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கற மனுஷன் எங்க போவான்? மூணாவது கேள்வியும் ஆறாவது கேள்வியும் ஒண்ணுதான், வார்த்தை மட்டும் வேற. கேள்வித்தாள் எடுக்கத் தெரியாத எவனோ எடுத்திருக்கான்.

ஆமா, வாத்தியார்தான். கண்டுபிடிக்க எட்டு வாரம் ஆச்சா உங்களுக்கு? கணக்கு வாத்தியார், முப்பத்தி நாலு வருஷம். ஸ்கூல்ல எனக்கு வெச்ச பேரு அரை மார்க்கு. தெருவுல போனா, டேய் அரை மார்க்கு போகுதுடாம்பாங்க. போறார்னு கூட இல்ல, போகுது. விடை சரியா இருக்கும், அடியில கோடு போட்டிருக்க மாட்டான், அரை மார்க் போச்சு. கோடு போட்டு அது கோணலா இருந்தாலும் போச்சு. பெருமையா சொல்லலை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா, வீட்டுப்பாடம் எழுதாதவனை நிக்க வெச்ச மாதிரி இருக்கு. அங்க கண்ணாடி ரூமுக்குள்ளேர்ந்து உங்க மேனேஜர் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார். என்ன சொல்லி அனுப்பினார்னு நான் சொல்லட்டுமா? அந்தப் பெருசு எட்டு ஞாயித்துக்கிழமையா ஓசியில ஓட்டிப் பார்த்துட்டுப் போகுது, வாங்குதா இல்லையான்னு இன்னிக்குக் கேட்டு முடிச்சு விடு. பெருசுன்னு சொல்லலையா? அப்ப அதைவிட மோசமா ஏதோ சொல்லியிருக்கார். பரவாயில்ல, சொல்லவேண்டாம்.

அவர் கேக்கறதுல தப்பும் இல்ல. நான் குறை சொல்லாத எடம் இந்த வண்டியில ஏது? முதல் வாரம் டிக்கி. டேப் வெச்சு மூணு தடவை அளந்தேன், உங்க விளம்பரப் புத்தகத்துல போட்டதைவிட ஒரு விரல் கம்மி. அடுத்த வாரம் கதவு சாத்தற சத்தம். அப்புறம் கூரையில வானம் பார்க்க ஒரு கண்ணாடி. வண்டியில போறவன் ரோட்டைப் பார்க்கணும், வானம் பார்க்கறவன் மொட்டை மாடிக்குப் போகட்டும்னேன். அப்புறம் டம்ளர் வெக்கற குழி. அஞ்சு பேர் உக்காரற வண்டியில ஏழு குழி! அந்த மீதி ரெண்டு பேர் யாருய்யான்னு கேட்டேன், நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. நான் சிரிப்புக்குக் கேக்கலை.

ஆனா ஒண்ணை மட்டும் எட்டு வாரமும் விடாம கேட்டேன், ஞாபகம் இருக்கா? கரெக்ட். பின் சீட்டுல நடு எடம். கீழ மேடு முட்டுதே, காலை எங்க வெக்கறது? பெல்ட்டு தோளுக்கு வருதா, இடுப்போட நின்னுடுதா? நீங்களும் சலிக்காம சொன்னீங்க, சார், நடுவுல சின்னக் கொழந்தைங்கதான் உக்காருவாங்க, பெரியவங்க யாரும் உக்காரமாட்டாங்க. நான் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

இந்தப் புத்தகத்து அட்டையில குடும்பத்துக்கான வண்டின்னு போட்டிருக்கு. படத்துல நாலு பேர் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நாலு பேரும் நாலு பக்கம் பார்க்கறாங்க, கவனிச்சீங்களா? இந்தப் புத்தகத்துல தப்பில்லாம போட்டது அது ஒண்ணுதான்.

பசங்களா? வரலை. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போயிருப்பாங்க. ஞாயித்துக்கிழமையும் வரலைதான். நீங்க போன் பண்ணீங்க, நான் எடுக்கலை. மன்னிச்சுக்குங்க. அதுக்குக் காரணம் இருக்கு, வரேன்.

நீங்க ஒருநாள் கேட்டீங்க இல்லையா, நீங்க வண்டியை எடுத்தா உங்க ரெண்டு மகனும் ஏன் சார் அடிச்சுப் பிடிச்சு பின்னாடி ஏறறாங்க, ஒருத்தர் முன்னாடி வந்தா நான் பின்னாடி ஏறிக்குவேனேன்னு? நான் பேச்சை மாத்தி, ஏசியைப் பத்திக் கேட்டேன். இப்ப சொல்றேன்.

பசங்க சின்னவங்களா இருந்தப்ப எங்கிட்ட ஒரு குட்டி வண்டி இருந்துச்சு. அடுக்களைச் சுவத்துல ஒரு சார்ட் ஒட்டி வெச்சிருந்தேன். படுக்கையை மடிச்சா இத்தனை மார்க்கு, எதிர்த்துப் பேசாம இருந்தா இத்தனை, தட்டுல மிச்சம் வெக்காம சாப்பிட்டா இத்தனை. சனிக்கிழமை கூட்டுவேன். ஞாயித்துக்கிழமை வெளிய கெளம்பறப்ப, ஜாஸ்தி வாங்கினவனுக்கு முன் சீட்டு, எம் பக்கத்துல. கம்மி வாங்கினவன் பின்னாடி, அவங்கம்மாவோட. ஆறு வருஷம் இப்படி. அதுல சின்னவன் முன்னாடி உக்காந்தது ஏழு தடவை. அவங்கம்மாவா? ஒரு தடவை கூட இல்ல. அவ பேருதான் சார்ட்டுலயே இல்லையே.

கண்ணாடியில பார்ப்பேன். பக்கத்துல ஜெயிச்சவன் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருப்பான், அசைஞ்சா அடுத்த வாரம் குறைஞ்சிடுமோன்னு. பின்னாடி தோத்தவன் அம்மா மடியில தலை வெச்சுக்கிட்டு இருப்பான், ரெண்டு பேரும் எதுக்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லைங்க, நீங்க ரோட்டைப் பாருங்கம்பா. அப்பவே புரிஞ்சிருக்கணும் எது பரிசு, எது தண்டனைன்னு. புரியலை. கூட்டல் சரியா இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன்.

அவ போய் நாலு வருஷம் ஆச்சு. ஒரு வருஷம் படுக்கையில கெடந்தா. பெரியவன் பக்கத்துத் தெரு, தினம் வருவான். சின்னவன் தூரத்துல வேலை, முடிஞ்சப்ப வருவான், முடியாதப்ப போன் பண்ணுவான். அவ போன மறுநாள் வீடு நிறைய சொந்தக்காரங்க. என் தங்கச்சி அழுதுக்கிட்டே கேட்டா, அண்ணா, பசங்க ரெண்டு பேரும் அண்ணியை நல்லா பார்த்துக்கிட்டாங்க இல்ல? ஆமாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். எவனா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெரியவனுக்கு எண்பத்தி ரெண்டு, சின்னவனுக்கு நாப்பத்தி ஒண்ணரை.

சத்தியமா தம்பி. வாய் தவறி வந்ததில்ல, யோசிச்சுத்தான் வெச்சிருந்தேன்.

சின்னவன் வந்தவங்களுக்கு டீ குடுத்துக்கிட்டு இருந்தான். டிரேயோட அப்படியே நின்னுட்டான். கத்தலை. அந்த அரை எதுக்குப்பான்னு கேட்டான். ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் போன்ல அவகிட்ட பேசிச் சிரிக்க வெச்சியே, அதுக்குன்னேன். பதில் வெச்சிருந்தேன் பாருங்க, அதுக்கும்! அத்தோட போயிருந்தா கூட என்மேல மட்டும்தான் கோவம் இருந்திருக்கும். பெரியவன் குறுக்க வந்து கேட்டான், எண்பத்தி ரெண்டுதானாப்பா? மீதி பதினெட்டு எங்க போச்சு?

நான் வளர்த்த வளர்ப்பு. அம்மா போன மறுநாள் பதினெட்டு மார்க்குக்கு மறுகூட்டல் கேக்கறான். சின்னவன் டிரேயை கீழ வெச்சுட்டு, அண்ணனை ஒரு பார்வை பார்த்துட்டு வாசல் எறங்கினவன்தான். அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. எங்கிட்ட போன்ல ரெண்டு வார்த்தை பேசுவான், வீட்டுல கால் வெக்கமாட்டான். பெரியவன் வருவான், மருந்து வாங்கித் தருவான், கடிகாரத்தைப் பார்ப்பான், போயிடுவான்.

அதான் இந்த வண்டி. ரெண்டு பேருக்கும் தனித்தனியா போன் பண்ணி, ஒரு பெரிய வண்டி வாங்கப்போறேன், உங்க ரெண்டு பேருக்கும்தான், ரெண்டு பேரும் பார்த்து சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்னேன்.  சின்னவன், வீட்டுக்கு வரணுமாப்பான்னான். வேண்டாம், கடைக்கு வந்தா போதும்னேன். சரின்னான். தம்பி, உங்களுக்கு இது ஷோரூம். எனக்கு, அவங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ நிக்கற ஒரே எடம்.

வண்டி நல்லா இருக்குன்னு முதல் வாரமே சொல்லிட்டா, அடுத்த வாரம் எதுக்கு வருவாங்க? டிக்கியில ஒரு விரல் கம்மியா இருந்தா எனக்கென்ன தம்பி, ஒரு முழம் கம்மியா இருந்தா எனக்கென்ன? ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, நடுவுல ஒரு ஆள் எடத்தை விட்டுட்டு, அவங்க ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்க. நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டே ஓட்டுவேன். ரோட்டைப் பாருங்க சார்னு நீங்க ரெண்டு தடவை கத்தினீங்க. அவளும் அதையேதான் சொல்வா.

கடைசியா வந்த அன்னிக்கு வழி தப்பிட்டேன்னு சொன்னேன் இல்ல? தப்பலை. அந்த ரோட்டுலதான் இருபது வருஷம் ஸ்கூலுக்குப் போனேன். நடந்தது வேற. அந்த ஏழு குழிக்கு அரை மார்க் குறைக்கறேன்னு உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். பின்னாடியிருந்து சின்னவன் மெதுவா கேட்டான், அந்த அரை எதுக்குப்பா?

நீங்க கவனிச்சிருக்கமாட்டீங்க.   திடீர்னு பெரியவன், வாயைப் பொத்திக்கிட்டுத்தான், புர்ருனு சிரிச்சான். டேய், மீதி பதினெட்டு எங்கடான்னான். அவ்வளவுதான். ரெண்டு தடியனுங்களும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு, ஒருத்தன் தோள்ல ஒருத்தன் அடிச்சுக்கிட்டு சிரிக்கறானுங்க. என்னைப் பார்த்துத்தான். என்னைப் பார்த்துச் சிரிச்சா என்ன, நாலு வருஷம் தம்பி! நான் திரும்ப வேண்டிய எடத்துல திரும்பலை. பெட்ரோல் போச்சுன்னு மேனேஜர் திட்டினாரா? திட்டியிருப்பார்.

சந்தோஷம்தானேன்னு கேக்கறீங்க. மூணு நாள் சந்தோஷமா இருந்தேன். நாலாம் நாள் பெரியவன் போன் பண்ணினான். நாங்க பேசிட்டோம்ப்பா, ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல சாப்பாடு, நாங்க எல்லாரும் போறோம், நீங்க இந்த வண்டிக்காக அலையவேண்டாம்னான். நீங்களும் வாங்கன்னு அவன் சொல்லலை. நானும் வரட்டுமான்னு நான் கேக்கலை.  அப்புறம் அவன் வெச்சுட்டான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் அடிச்சுது. சாப்பிட உக்காந்ததும் ஞாபகம் வந்திருக்கும், கூப்பிடறாங்கன்னு நெனச்சு, குளிச்சுக்கிட்டு இருந்தவன் துண்டோட ஓடி வந்தேன். பார்த்தா உங்க நம்பர். அதான் எடுக்கலை.

சரி, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. வியாபாரத்தைப் பேசலாம். வாங்கறேன். ஆமா, நெஜமாத்தான், மேனேஜருக்குக் கையைக் காட்டுங்க, அந்த மனுஷன் கொஞ்சம் உக்காரட்டும். ரெண்டு பேர் பேர்லயும் பதிய முடியுமா? ஒரு பேருதானா? அவங்கம்மா பேர்ல... இல்ல, முடியாதுன்னு தெரியும், சும்மா கேட்டேன். என் பேரையே எழுதுங்க.

சாவி எத்தனை தருவீங்க? ரெண்டா. நல்லது. என்னது, ஒண்ணு ஸ்பேரா? அந்த வார்த்தையை மட்டும் அவங்க முன்னாடி எடுத்துடாதீங்க. ரெண்டும் சாவி. ஒரே மாதிரி ரெண்டு டப்பாவுல போட்டுக் குடுங்க. வண்டி வந்ததும் நீங்களே ரெண்டு பேருக்கும் போன் பண்ணுங்க, ரெண்டு பேரும் வந்தாத்தான் குடுப்போம், இது எங்க கடை வழக்கம்னு சொல்லுங்க. நான் கூப்பிட்டா போனை எடுப்பாங்க, வரமாட்டாங்க. சின்னவனுக்கு முதல்ல பண்ணுங்க.

நான் ஓட்டலை தம்பி. முன் சீட்டு ரெண்டும் அவங்களுக்கு, யாரு ஓட்டறதுன்னு அவங்களே பார்த்துக்கட்டும். பின்னாடி இந்த ஜன்னல் பெரியவன் பொண்ணுக்கு, அந்த ஜன்னல் சின்னவன் பையனுக்கு. மருமகளுங்க என்னோட ஒரே வண்டியில ஏறமாட்டாங்க, அந்த விஷயத்துல ரெண்டு பேருக்கும் முழு மார்க். அப்ப மிச்சம் என்ன இருக்கு? அதேதான். பெரியவங்க யாரும் உக்காரமாட்டாங்கன்னு சொன்னீங்க. மேடு முட்டினா முட்டட்டும், காலை மடக்கிக்கறேன். பெல்ட்டு மட்டும் தோளுக்கு வருதான்னு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

அவங்க ஏத்திக்கிட்டா வேணுமே.