பிரஷர் எனக்கு, வாதம் அவளுக்கு

...அதைத்தான் சார் நானும் கேக்குறேன். பிரஷர் யாருக்கு? எனக்கு! வருஷக்கணக்கா மாத்திரை முழுங்குறவன் நான். பக்கவாதம் யாருக்கு வந்துச்சு? என் சம்சாரத்துக்கு! ஒரு வரிசைன்னு வேணாமா? பஸ்ல கூட ரொம்ப நேரமா நிக்கிறவனுக்குத்தான் முதல்ல சீட்டு. டாக்டர்கிட்ட கேட்டே கேட்டுட்டேன், "சீனியர் நான் ஒருத்தன் இருக்கறப்போ அவளுக்கு எப்படிங்க"ன்னு. அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க... அய்யோ, போகச் சொல்லல! அந்தக் கதவு தெரியணும் எனக்கு. உள்ள அவளுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்குது.

அவ பிரஷர் நூத்தி இருபதுக்கு எம்பது சார். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. என்னுதுதான் லிப்ட் மாதிரி ஏறி இறங்கும்... நான் லிப்ட் மெக்கானிக்கு. அவ அதே கம்பெனியில போன் எடுக்கிறவ. எவன் லிப்டுல மாட்டிக்கிட்டாலும், "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காரு"ம்பா. அந்த ஆள் நான்தான். டீ குடிச்சிட்டிருப்பேன், அது வேற விஷயம்.

அன்னிக்கு ஒருத்தன் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு போன் பண்றான். இவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா? "பயப்படாதீங்க, தலகாணி வந்துட்டே இருக்கு." எதுக்கு தலகாணின்னு கேட்டிருக்கான். "தலகாணி நனைஞ்சிடுச்சு, கதவுக்குச் சோறு போடுங்க"ன்னிருக்கா! வேற எவனா இருந்தாலும் திட்டிட்டு வெச்சிருப்பான். அவன் புத்திசாலி. பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டே, எங்க ஆபீசுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பிட்டான் சார்! நான் போய் லிப்ட் கதவை நெம்புறேன், உள்ளேர்ந்து கத்துறான்... "யோவ், என்னை விடுய்யா, அந்த அம்மாவைப் போய்ப் பாரு!" அப்படியே விட்டுட்டு ஓடினேன். அவனை யாரு இறக்குனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. கேக்கணும்.

நேரத்துக்குக் கொண்டு போனதால கை கால் பொழச்சுது. வார்த்தைதான்... ஒண்ணு நினைக்கிறா, ஒண்ணு வருது. இப்ப வெறுத்துப் போய் வாயே திறக்கறதில்ல. வீடு எப்படி இருக்கு தெரியுமா? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், "கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு சொல்ல ஆளில்ல.

டாக்டர் கேக்குறாரு: சர்க்கரை இருக்கா, கொழுப்பு இருக்கா, ஒத்தத் தலைவலி வருமா, குறட்டை விடுவாங்களா... குறட்டையா! பொம்பளையைப் பாத்து கேக்குற கேள்வியா? விடுவா, அதுக்காக? வீட்ல யாராவது சிகரெட் குடிப்பாங்களான்னாரு. நான்தான்னேன். எழுதிக்கிட்டாரு. நான் விட்ட புகையை அவ கணக்குல எழுதுறாங்க சார்! என்ன நியாயம்?

கடைசியில, பிரஷர் இல்லேன்னா என்ன, இதயம் தாளம் தப்பி அடிக்குதுன்னுட்டாரு. தாளம் தப்பினா உள்ள ரத்தம் தேங்கிக் கட்டியாகுமாம். அந்தக் கட்டி நேரா மூளைக்குப் போயிடுச்சாம். "வீட்ல பிரஷர் மெஷின் இருக்கா? நாடி தாறுமாறா அடிச்சா, சிலதுல ஓரத்துல ஒரு இதயப் படம் சிமிட்டும். பாத்தீங்களா?"

பாக்கலேன்னேன்.

அது... முழுப் பொய் இல்ல சார். சிமிட்டுச்சு. எனக்குச் சிமிட்டல, அவளுக்கு மட்டும் சிமிட்டுச்சு. "பாத்தீங்களா, மெஷினுக்கே என்னைத்தான் பிடிச்சிருக்கு"ன்னு அவளுக்கு ஒரு சிரிப்பு. எனக்கு வாங்கின மெஷின் சார் அது! எங்க தொழில்ல ஒரு விளக்கு சும்மா சிமிட்டினா மெஷின் கோளாறுன்னு அர்த்தம். அதனால... கறுப்பு டேப்பு எப்பவும் சட்டைப் பையில இருக்கும்... ஒரு துண்டு கிழிச்சு அது மேல ஒட்டிட்டேன். அப்புறம் சிமிட்டலியே! நான் எங்க பாக்குறது?

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? அவகிட்ட சொல்லணுமா? சொல்லலாம்... எப்படிச் சொல்றது? நீங்க வேணா பக்குவமா... கதவு திறக்குது, வர்றா! சார்? உங்களையா கூப்பிட்டாங்க? யாரும் கூப்பிடலியே! சார்!... போயிட்டாரு.

வாம்மா. உக்காரு. ஒண்ணுமில்ல, ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்தேன். ம்... அந்த மெஷின்ல உனக்குச் சிமிட்டுமே, திடீர்னு நின்னுடுச்சுல்ல? அது நிக்கல. நான்தான் டேப்பு ஒட்டி மறைச்சேன். பொறாமைம்மா. அது உன்னைக் காப்பாத்தக் கத்தியிருக்கு, நான் வாயைப் பொத்திட்டேன்... ஏய், ஏன் முறைக்கிற? என்ன, வாய் அசையுது? சொல்லு. மெதுவா. த... த... தடி... தடி என்ன? இன்னும் கொஞ்சம்... தடியா! என்னையா? தடியான்னா சொன்ன? நர்சம்மா! நர்சம்மா, ஓடி வாங்க! கரெக்டா வந்திருச்சு! கரெக்டா என்னையே சொல்லிட்டா! இன்னொரு தடவை சொல்லும்மா... சொல்லு, சொல்லு, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்...