ரிப்பன் கட்டிய கதவு

அவைக்குத் தலைமை தாங்கும் அறக்கட்டளைத் தலைவர் ஐயா ஜானகிராமன் அவர்களே! நாள் பார்த்துப் பார்த்து இன்று நல்வரவு தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! செங்கல்பட்டுப் பெரியோர்களே! கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வெயிலில் நிற்கும் என் தாய்மார்களே! இம்மருத்துவமனையில் கதிர்வீச்சு வைத்தியம் பார்க்கும் கல்யாணியின் வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை, வயிறு எரிகிறது!

கருப்பை வாயில் புற்று வந்தால், மெல்லிய குழாயை உள்ளே வைத்து, அதன் வழியே கதிரை அனுப்பிக் கட்டியைச் சுடுகிறோம். நீங்கள் 'உள்கரண்டு' என்பீர்களே, அதுதான். சுட வேண்டியது கட்டியை, ஒட்டிக்கொண்டிருப்பதோ சிறுநீர்ப்பை. குழாய் உள்ளே இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தால், எது கட்டி, எது பை என்று கண்ணால் கண்டு கதிரை அளக்கலாம். அந்த ஸ்கேன் வந்தது எப்போது? போன ஐப்பசியில்! இன்று என்ன மாதம்? ஆவணி! திறப்பு விழாவுக்கென்று அந்த ஸ்கேன் அறைக் கதவில் ரிப்பனைக் கட்டினார்கள். விருந்தினருக்குத் தேதியில்லை என்றார்கள், பொறுத்தோம். மார்கழி ஆகாது என்றார்கள், பொறுத்தோம். ஆடி ஆகாது என்றார்கள், அதற்கும் பொறுத்தோம். புற்றுக்கு ஏதய்யா மார்கழி? புற்றுக்கு ஏதய்யா ஆடி?

கைதட்டாதீர்கள் அம்மா. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ரிப்பனைப் பார்த்துக்கொண்டே, பழைய எக்ஸ்ரே படத்தை வைத்துக் குத்துமதிப்பாகக் கதிர் வைத்தவள் நான். கார்த்திகையில் கோவளத்து மீன்காரி வேண்டாவுக்கு வைத்தேன். போன வாரம் வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, உசுரு கீது. ஆனா ஒண்ணுக்கு நிக்காம ஒயிகிக்கினே கீது. கூடையத் தூக்கினு பஸ்ஸுல ஏறுனா, மீன் வாடைக்குப் பயகுன சனமே மூக்கப் பொத்துது. நான் இன்னா பண்ணட்டும்?"

மேடையில் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "பேரச் சொல்லியே சொல்லு" என்றாள். அவள் கேள்வியை அப்படியே இங்கே வைக்கிறேன். மேடையில் இருப்பவர்களே, உங்களிடம் பதில் இருக்கிறதா?

முடிக்கச் சொல்லித் தலைவர் சீட்டு நீட்டுகிறார். முடிக்கிறேன் ஐயா. விருந்தினர் அவர்களே, தட்டிலிருக்கும் கத்திரிக்கோலுக்கு இனி வேலையில்லை. காலை ஆறரை மணிக்கே ரிப்பனை நான் வெட்டிவிட்டேன்! குத்துவிளக்கில்லை, ராகு காலம் பார்க்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பார்வதத்துக்கு முதல் ஸ்கேன் எடுத்தாயிற்று. அவள் சிறுநீர்ப்பை எங்கே இருக்கிறதென்று இன்று கண்ணால் கண்டேன். உள்ளே எங்கள் கதிர்வீச்சு இயற்பியலாளர் ஸ்டான்லி கதிருக்கு அளவு குறித்துக்கொண்டிருக்கிறார். என்னை வேலையை விட்டு நீக்குவதானால் மாலையில் நீக்குங்கள்.

நின்று கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, நாள் பார்க்காமல் வாருங்கள். குழாயோடு பார்வதம் படுத்திருக்கிறாள், நான் போகிறேன். வணக்கம்.