பூப்போட்ட தலையணை

தலையணை உறையை என் மனைவிதான் தைத்தாள் ஐயா. அவளுக்கு வேறொன்றும் தெரியாது, அவளை இந்த விசாரணையில் இழுக்காதீர்கள். ஜன்னல் திரைக்கு வாங்கியதில் மிஞ்சிய மஞ்சள் பூப்போட்ட துணி. பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று நான்தான் கேட்டேன்.

முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுப்போம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வளைவின் மேட்டுக்கு நேர் கீழே கெட்டியான ஓர் உருளையைக் கொடுக்க வேண்டும். உடம்பின் பாரத்திலேயே வளைவு விரியும். எவ்வளவு விரிகிறது என்று படத்தைப் பார்த்துத்தான் சர்ஜன் முடிவு செய்வார். வளைந்து கொடுக்கும் எலும்புகளைத் தொடமாட்டார். கொடுக்காதவற்றைக் கம்பி வைத்து ஒன்றாக இணைத்துவிடுவார். இணைத்தால் இணைத்ததுதான், அந்த இடம் ஆயுசுக்கும் மடங்காது.

உருளை வலிக்கும். நான் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் என் அறை வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடும். அம்மாக்கள் என்னைக் கசாப்புக்கடைக்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. உருளையை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தலையணையைக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான், அழுகை நின்றது. 'வலிக்காத மாமா' என்று பேரும் வந்தது. அவர்கள் வரைந்து கொடுத்த படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். ஒன்றில் எனக்கு இறக்கைகூட முளைத்திருக்கிறது.

தலையணை அமுங்கும், அது உண்மைதான். வளைவு விரியாது.

சர்ஜன் ஒருநாள் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இப்ப வர்ற பிள்ளைங்க எல்லாத்துக்கும் முதுகு இப்படி விறைச்சுக் கிடக்கு?" என்றார்.

"உருளை சரியாத்தான் வெச்சேன் சார். நாள் முழுக்க ஃபோனும் கையுமா உட்கார்ந்திருக்குதுங்க, பின்ன எப்படி இருக்கும்?"

சிரித்துவிட்டார். ஐந்தாறு எலும்போடு முடிய வேண்டிய இடத்தில் பத்து, பன்னிரண்டு என்று இணைத்தார். தங்கமான கை அவருக்கு, அவர் மேல் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன்.

நீச்சல் போட்டிகளுக்குப் போகிற ஒரு பெண் வந்தாள். பதினாலு வயது. தலையணை மேல் படுத்துக்கொண்டு, "கீழ் முதுகை விட்டுருவாங்கல்ல மாமா? தண்ணியில திரும்ப அதுதான் வேணும்," என்றாள்.

"நீ கவலைப்படாதே கண்ணு," என்றேன்.

ஆறு மாதம் கழித்து, நிற்க வைத்து எடுக்கும் படத்துக்கு வந்தாள். இடுப்பு வரைக்கும் கம்பி. செருப்பு கழன்று கிடந்தது, குனிந்து எடுக்க வரவில்லை. நானே எடுத்து மாட்டிவிட்டேன்.

"நீச்சலை விட்டுட்டேன் மாமா. ஆனா இந்த ஆஸ்பத்திரியிலயே எனக்கு வலிக்காம பண்ணது நீங்க ஒருத்தர்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? அன்றைக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் வெளியே காத்திருந்தன. தலையணையைத் தட்டி உப்ப வைத்துப் போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

ஒன்பது வருஷம். முந்நூற்றுப் பதினேழு பிள்ளைகள். பெயர்ப் பட்டியலை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது? ஒருத்தரும் அழவில்லை.

ஒருத்தியைத் தவிர. என் அக்கா மகளுக்கும் இதே வளைவு. அவள் வந்த அன்று மட்டும் அலமாரியை நகர்த்தி, உருளையைத் தூசி தட்டி எடுத்தேன். "விடுங்க மாமா, விடுங்க மாமா" என்று கத்தினாள். கத்தட்டும் என்று பொத்தானை அழுத்தினேன். அவளுக்கு ஐந்தே எலும்போடு முடிந்தது. இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. வாசலில் சட்டென்று குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு, நேரே அத்தையிடம் ஓடிவிடுகிறாள். கடுமையாக இருந்து நான் என்னத்தைக் கண்டேன், சொல்லுங்கள்?