கலண்டரில் பதினான்காம் திகதி

காலையில் எழுந்ததும் கலண்டர் தாளைக் கிழிப்பது இந்த வீட்டில் என் வேலை. ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதனால்தான் நிவேதனா, நீ சற்று முன் கேட்டதற்கு என்னால் மழுப்ப முடியவில்லை.

"அண்ணை, பதினைஞ்சாம் திகதியெல்லோ அப்பாவோடை கதைச்சனான். பின்னாலை கலண்டரிலை பதினாலெண்டு கிடக்குது. அது எப்பிடி?" என்றாய். அன்றைய அழைப்பை உன் மனிசன் பிரகாஸ் போனில் பதிந்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

சொல்கிறேன், ஆறுதலாகக் கேள்.

என் தொழில் உனக்குத் தெரியும். ஊரில் நடக்கும் கலியாணத்தையும் செத்தவீட்டையும் வெளிநாட்டில் இருக்கிற சனம் பார்த்துக் கதைக்க ஒரு லிங்க் அனுப்புவேன். தட்டினால் பிரவுசரிலேயே திறக்கும். நேருக்கு நேர் கதைக்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் ஒவ்வொருவரின் படமும் குரலும் முதலில் என் சேர்வருக்கு வரும். யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை அங்கே நான் தீர்மானிக்கலாம். சாவகச்சேரியில் ஒரு செத்தவீட்டில் நாய் ஓயாமல் குரைத்தது. அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன். கனடாவில் இருந்தவர்கள் நன்றிதான் சொன்னார்கள்.

அப்பாவை ஆறு வருசம் நான் பார்த்தேன். குளிப்பாட்டினேன், கஞ்சி பருக்கினேன், பேசி வந்த கலியாணம் இரண்டையும் அதற்காக விட்டேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. நீ அந்தக் குருநகர்ப் பெடியன் பிரகாஸோடு போன நாளிலிருந்து அவர் உன் பெயரை எடுத்ததில்லை. சாவதற்கு முந்தின கிழமைதான் எடுத்தார். எடுத்த பிறகு வேறு பெயரே அவர் வாயில் வரவில்லை.

நான் கரண்டியோடு பக்கத்தில் இருப்பேன். "நிவே வந்திட்டாளோ?" என்பார்.

"நான் கோபி, அப்பா."

"ஓம், நீ நிக்கிறாய்தானே" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பார்.

வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு உன்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று நீ ஒஸ்லோவிலிருந்து அழுதாய். அப்போது லிங்க் அனுப்பியது நான். அதை நீ மறக்கக்கூடாது.

பதினான்காம் திகதி, கமராவைச் சரிபார்க்க அப்பாவைக் கொஞ்ச நேரம் படம் பிடித்தேன். கஞ்சி வேண்டாம் என்று அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அதுவும் பதிவாகியிருந்தது. அடுத்த நாள் பின்னேரம் நீ அழைத்ததும், உன் பக்கத்துக்கு அந்தப் படத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தேன், சத்தம் இல்லாமல். அவருடைய திரையில் உன் பெயர் மட்டும் தெரிந்தது. முகமும் இல்லை, குரலும் இல்லை.

நாற்பது நிமிடம் கதைத்தாய். "அப்பா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினாய். உன் திரையில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். கடைசியில், "சரி அப்பா, இனிக் கரைச்சல் தரமாட்டன்" என்று சொல்லி நீயாகவே நிறுத்தினாய்.

இந்தப் பக்கம் அப்பா கதைத்ததும் சேர்வரில் இருக்கிறது. "பிள்ளை, கேக்குதோ? அப்பாவுக்கு இப்ப ஒரு கோவமும் இல்லை. மருமோனையும் கூட்டிக்கொண்டு வா. நிவே, கேக்குதோ?" மூச்சு வாங்கி வாங்கி இதையேதான் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, "ஏனடா, பிள்ளை ஒண்டும் கதைக்கேல்லை?" என்று கேட்டார்.

"அவளுக்கு விருப்பமில்லைப் போலை, அப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் உன்னைக் கேட்கவில்லை. இனி என் பெயரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். நியாயமான ஆசைதானே. இரண்டாம் நாள் கடைசிப் பாலை நான் பருக்கினேன். அது கடைவாயால் வழிந்தது. அவர் கண் வாசலில் கிடந்தது. நான் ஆறு வயதுப் பிள்ளை போல அழுதேன். யாரை நினைத்து அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் பிள்ளைக்கு இப்போது முப்பத்தொரு நாள் ஆகிவிட்டது. அப்பா உன்னை மன்னிக்காமலே போனார் என்ற நினைப்போடு நீ அவனைத் தூக்கி வைத்திருக்கக்கூடாது. அதற்காகத்தான் இன்று ஒன்றையும் மறைக்காமல் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது.

நீ கண்ணைத் துடைக்கிறாய். "அழாதேங்கோ அண்ணை, உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டன், என்ரை பிழை" என்கிறாய்.

உன் திரையில் நான் அழுதுகொண்டிருப்பேன். அது அப்பாவின் செத்தவீட்டன்று எடுத்த படம். நீ கலண்டரைப் பற்றிக் கேட்டதுமே என் குரலை நிறுத்திவிட்டு அதைத்தான் உனக்குக் கொடுத்தேன். இந்தமுறை படத்தில் கலண்டர் விழாமல் பார்த்துக்கொண்டேன்.