பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும்

பெட்டி மிகவும் நன்றாக இருந்தது. திறக்கும்போது சத்தமே வராது. மூடும்போது மட்டும், நல்ல பீரோவின் கதவைச் சாத்துவதுபோல, ஒரு சின்ன ‘டப்’. உள்ளே வெள்ளை நிறத்தில் இரண்டு இயர்பட்ஸ். காதின் அளவுக்குத் தகுந்தபடி மாட்டிக்கொள்ள மூன்று ஜோடி ரப்பர் முனைகள் தந்திருந்தார்கள். எனக்கு நடு அளவு சரியாக இருந்தது.

காவல் ஆய்வாளர் அம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டது ஒரே கேள்வி. பதினான்காம் தேதி காலையில் என் மனைவி பிரம்மநாயகி புறவாசலில் விழுந்து கிடந்து கூப்பிட்டது எனக்குக் கேட்டதா, இல்லையா? கேட்கவில்லை என்றால் அது விபத்து, நான் வீட்டுக்குப் போகலாம். கேட்டது என்றால் போக முடியாது. ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். ஒரு வார்த்தை போதாது என்று வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி வரிசையாக எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் முடிந்துவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம்.

என் பெயர் குமரகுருபரன், வயது அறுபத்து நான்கு. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிரங்க் கால் காலத்தில் ஹெட்போனை மாட்டினால் எட்டு மணி நேரம் கழித்துத்தான் கழற்றுவேன். ராதாபுரத்துக்காரர் பம்பாய் கேட்பார், மேலப்பாளையத்துக்காரர் துபாய் கேட்பார். ஊரார் வீட்டுச் சாவும் பிரசவமும் என் காது வழியாகத்தான் போயின. வந்த அழைப்பு எதையும் நான் தவறவிட்டதில்லை. அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட உண்டு. கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ஆய்வாளர் அம்மாவும் அதைப் பார்த்தார்.

பிரம்மநாயகி நல்லவள். இதை யார் கேட்டாலும் சொல்வேன். அவளிடம் இருந்த ஒரே பழக்கம், கூப்பிடுவது. “இங்கேருங்க, தண்ணி வந்துட்டு.” “இங்கேருங்க, கீரைக்காரி போயிட்டாளா?” “இங்கேருங்க, பல்லி தோள்ல விழுந்துட்டு, என்ன பலன்னு பாருங்க.” எழுந்து போனால் அநேகமாக ஒன்றும் இருக்காது. “ஒண்ணுமில்ல, இருக்கேளான்னு பாத்தேன்” என்பாள். ஒரு நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அறுபத்து மூன்று ‘இங்கேருங்க’. தொலைபேசி நிலையத்திலாவது சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் மாற்று ஆள் வருவான். வீட்டில் அதற்கும் வழியில்லை.

எங்கள் மகள் பிருந்தா பெங்களூரிலிருந்து என் பிறந்தநாளுக்கு அனுப்பியதுதான் இந்த இயர்பட்ஸ். விலையைச் சொல்லவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை மாட்டிக்கொண்டபோது பாட்டு எதுவும் போடவில்லை. வெளிச் சத்தத்தை அடைக்கும் வசதியை மட்டும் அழுத்தினேன். மின்விசிறி நின்றுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. குக்கர் விசில் போயிற்று. தெருவில் ஆட்டோச் சத்தம் போயிற்று. சமையற்கட்டு வாசலில் பிரம்மநாயகியின் வாய் அசைவது தெரிந்தது. அவள் குரலும் போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்து நாலு வயசில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பிருந்தா அன்று சாயங்காலமே போனில் வந்தாள்.

“அப்பா, அத மாட்டிக்கிட்டா அம்மா கூப்பிடுறது கேக்காதுல்லா? அதுக்கும் ஒரு வழி இருக்கு. நாம ஒரு சொல்லப் பதிஞ்சு வச்சா, அந்தச் சொல்ல யார் சொன்னாலும் காதுல மணி அடிக்கும், போன்லயும் எழுத்து வரும். அம்மாவ அஞ்சு தடவ ‘இங்கேருங்க’ன்னு சொல்லச் சொல்லிப் பதிஞ்சிருங்க.”

“சரிம்மா.”

“மறந்துராதீங்கப்பா. அம்மாவுக்கு இப்ப அடிக்கடி தலை சுத்துது.”

“சரிம்மா, இப்பவே பண்ணிருதேன்.”

பண்ணினேன். மொட்டைமாடிக்குப் போய், ‘குமரகுருபரன்’ என்று என் பெயரை நானே ஐந்து தடவை சொல்லிப் பதிந்தேன். ‘இங்கேருங்க’ என்று பதிந்தால் ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று மணி அடிக்கும். அப்புறம் அந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம்? அவசரத்துக்கு மட்டும் ஒரு சொல் இருப்பதுதான் முறை. பதிந்தாயிற்று என்று பிருந்தாவிடம் சொன்னேன். எந்தச் சொல் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிரம்மநாயகியிடம் மறைக்கவில்லை. “அவசரம்னா பேரச் சொல்லிக் கூப்பிடு. இதுக்கு அது மட்டுந்தான் கேக்கும்” என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நல்ல கூத்துதான். ஒங்க பேரச் சொன்னா என் வாய் அழுகிப் போயிராதா?”

எங்கள் பக்கத்தில் அவள் வயதுக்காரிகள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆனால் பிரம்மநாயகி அதில் கொஞ்சம் அதிகம். கோயிலில் அர்ச்சனைக்கு என் பெயர் கேட்டால் பிருந்தாவை முழங்கையால் இடிப்பாள். பிருந்தா கல்யாணமாகிப் போன பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனாள். ரேஷன் கடையில் அட்டையை நீட்டி விரலால் காட்டுவாள். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட என் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இதெல்லாம் பதியும்போது உமக்கு நினைவில்லையா என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். நினைவிருந்தது.

பதினான்காம் தேதி, ஆற்றுத் தண்ணீர் வரும் முறை. பத்து மணிக்குக் குழாயில் வந்தது. அவள் புறவாசல் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனாள், நான் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இயர்பட்ஸோடு உட்கார்ந்தேன். பதினொன்று இருபதுக்கு யாரோ தோளைத் தொட்டார்கள். பக்கத்து வீட்டு இன்பமணி டீச்சர். ஒன்றைக் கழற்றினேன்.

“அண்ணாச்சி, எம்புட்டு நேரமா கேட்டத் தட்டுதேன். அக்கா எங்க? ஒங்க தொட்டி நெறஞ்சு எங்க முற்றமெல்லாம் தண்ணியா ஓடுது.”

“புறவாசல்லதான் இருப்பா. போய்ப் பாருங்க.”

டீச்சர் போனார். அப்புறம் அலறல் கேட்டது. நான் இரண்டையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு எழுந்தேன். அதைப் போய் டீச்சர் ஒரு குற்றமாகச் சொல்லியிருக்கிறார். திறந்து போட்டால் சார்ஜ் இறங்கிவிடும்.

தொட்டிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் பிரம்மநாயகி கிடந்தாள். கால் மடங்கியிருந்தது. தலை கல்லில் பட்டிருந்தது. ரத்தத்தைத் தண்ணீர் பெரும்பாலும் கழுவிவிட்டிருந்தது. விழுந்த உடனே போகவில்லை, நினைவோடு வெகு நேரம் இருந்திருக்கிறாள், அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், பாவம், காதில் அதை மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், எப்படிக் கேட்கும் என்றார்கள். பிருந்தா தான் அனுப்பியதால்தான் இப்படி ஆயிற்று என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றுவது பெரும்பாடாகிவிட்டது.

நேற்று ஆய்வாளர் அம்மா என் போனை மேஜையில் வைத்து இரண்டு வரிகளைக் காட்டினார். ‘உங்கள் பெயரை யாரோ அழைக்கிறார்கள், 10:42.’ ‘உங்கள் பெயரை யாரோ அழைக்கிறார்கள், 10:51.’

ஆமாம், மணி அடித்தது. 10:42க்கு அடித்தபோது கருவிதான் பிசகிவிட்டது என்று நினைத்தேன். நடக்கக்கூடிய காரியமா அது? சரிபார்ப்பதற்காக இடது காதிலிருந்து கழற்றினேன். தண்ணீர் வழிகிற சத்தம், அதற்குள்ளே அவள் குரல். “குமரகுருபரன்.” பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல, முழுப் பெயர், ‘ங்க’ இல்லை, ஒன்றும் இல்லை. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இந்தப் பெயரைச் சொல்ல அவள் முப்பத்தாறு வருஷம் எடுத்துக்கொண்டாள். கூப்பிட்ட உடனே நான் மட்டும் ஓட வேண்டும் என்றால் எப்படி? திரும்ப மாட்டிக்கொண்டேன்.

மேலும், ஒரு தடவை அடித்ததை வைத்து எதையும் முடிவுசெய்யக்கூடாது. இரண்டாவது தடவையும் அடித்தால்தான் அந்த வசதி நம்பகமானது என்று சொல்ல முடியும். ஒன்பது நிமிஷத்தில் அடித்தது. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன், வரவில்லை.

இயர்பட்ஸ் கம்பெனிக்காரர்கள் தினமும் என் போனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அபிப்பிராயம் எழுதச் சொல்லி. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தானே என்று 10:58க்கு எழுதினேன். அதையும் ஆய்வாளர் அம்மா படித்துக் காட்டினார். ‘வெளிச் சத்தத்தை முழுமையாக அடைக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே தெரிவிக்கிறது. சோதித்தேன். இரண்டு முறையும் சரியாக வேலை செய்தது. ஐந்து நட்சத்திரம்.’ இதில் ஒரு சொல் பொய் இல்லை.

ஆகவே கேள்விக்குப் பதில், கேட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அழைப்பைத் தவறவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். முப்பத்தெட்டு வருஷத்தில் ஓர் அழைப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை, இதையும் தவறவிடவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.