சலித்தெடுத்த தூள்

மாவுப்புழுவுக்கு நாத்தம் கிடையாது இன்ஸ்பெக்டர் மேடம். புழுன்னு சொன்னதும் எல்லாரும் மூக்கைச் சுளிக்கிறாங்க, நீங்களும் இப்பச் சுளிச்சீங்க. ஈரம் படாம வச்சுக்கிட்டா பழைய மாவு டின்னைத் திறந்த மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிக்கிறார், டாக்டருக்கு விஷயம் தெரியணும், சீக்கிரம் சொல்லுன்னு சொல்றீங்க. அவசரப்பட்டுச் சொன்னா என்னைத் தப்பா நெனச்சுக்குவீங்க. நிதானமாவே சொல்றேன்.

நான் கோழி வளக்கிறேன். முட்டை வித்துத்தான் என் கைச்செலவு. கடைத் தீவனம் விக்கிற விலைக்குக் கட்டுப்படி ஆகல. தீவனக் கடைக்காரர்தான் ஒரு கைப்பிடி மாவுப்புழுவைக் கொடுத்து, வீட்டுலயே பெருக்கிக்குங்கம்மான்னார். பிளாஸ்டிக் தட்டுல கோதுமைத் தவிடு, மேல ரெண்டு மூணு காரட் துண்டு. தண்ணிகூட வைக்க வேண்டாம், காரட்டுல இருக்குற ஈரமே போதும். புழு வண்டாகும், வண்டு முட்டை வைக்கும், மறுபடி புழு. எங்க வீட்டுல எதிர்த்துப் பேசாதது அதுங்க மட்டும்தான்.

தட்டுக்கு அடியில ஒரு தூள் சேரும். புழுவோட எச்சமும் உரிச்ச தோலும். மணலை விட நைசா இருக்கும். அப்பப்போ சலிச்சு எடுத்துடணும். முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு, வெளியில வச்சு சலிங்கன்னு கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தத் தூள் சிலருக்கு நெஞ்சைப் பிடிச்சுக்குமாம். அவருக்கே அதனாலதான் இளைப்பு வந்துச்சாம், புழு வளக்கிறதையே விட்டுட்டார். இன்னமும் சட்டைப் பையில மூச்சு பம்பு வச்சிருக்கார். நான் மொட்டை மாடியில வச்சுத்தான் சலிப்பேன். அந்த விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரதை.

அப்பத்தான் நாத்தனார் வந்தாங்க, இவரோட அக்கா. மகன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு, நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னு ஒரே ஒரு பையோட வந்தாங்க. அப்புறம் பீரோ வந்துச்சு. பீரோ வந்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. புழுத் தட்டு இருந்த பின் ரூமை அக்காவுக்குக் காலி பண்ணிக் கொடுன்னார் இவர். கொடுத்தேன். தட்டையெல்லாம் அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருந்த சந்துல அடுக்கிக்கிட்டேன்.

அவங்களுக்கு வாய் சும்மா இருக்காது. "புள்ள பெத்து வளக்க வேண்டியவ புழு வளத்துக்கிட்டு இருந்தா இந்த வீடு எங்கேருந்து வெளங்கும்"னு முட்டை வாங்க வந்தவங்க முன்னாடியே சொன்னாங்க. இவர் பக்கத்துல உக்காந்து பேப்பரைத் திருப்பினார். நான் காதுல போட்டுக்காத மாதிரி முட்டையை எண்ணிக் கொடுத்தேன்.

ஒரு நாள் வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா, வண்டுத் தட்டையெல்லாம் சாக்கடை ஓரமா கவுத்து, மேல கொதிக்கிற தண்ணியை ஊத்திக்கிட்டு இருக்காங்க. வண்டு போச்சுன்னா விதை நெல்லு போன மாதிரி மேடம். என்ன அண்ணி இதுன்னு கேட்டேன். "உனக்கு ஒரு வேலை மிச்சம்"னாங்க. இவர் பக்கத்துல நின்னு சிரிச்சார். பெரிய சிரிப்புகூட இல்ல. அன்னிக்கு அழுதேன். அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் எதுக்கும் அழல.

தப்பிச்சு நின்ன ஒரு தட்டுப் புழுவை வச்சு மறுபடி பெருக்கினேன். ஒரு தடவை நல்ல மழை, மாடிக்குப் போக முடியாம சந்துக்குள்ளேயே சலிச்சேன். அந்தப் பக்கம் வந்த நாத்தனாருக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. கண்ணுல தண்ணி, நெஞ்சுல கீச் கீச்னு சத்தம். நான்தான் ஓடிப்போய் வெந்நீர் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். தடவிக்கிட்டே யோசிச்சேன்.

சாயங்காலம் அவங்க தலையணையை எடுத்து, ஓரத் தையலைப் பிரிச்சு, சலிச்ச தூளைப் பஞ்சுக்கு நடுவுல போட்டுத் தைச்சேன். அதுக்கப்புறம் சலிக்கும்போதெல்லாம் பழசைக் கொட்டிட்டுப் புதுசு போடுவேன். உறையை மட்டும் வெள்ளை வெளேர்னு துவைச்சு மாட்டுவேன்.

இளைப்பு கூடிக்கிட்டே போச்சு. வீட்டுல தூசி, பூச்சி ஏதாவது உண்டான்னு டாக்டர் கேட்டார். இவர் உடனே புழுவைக் காட்டிக் கொடுத்துட்டார். அன்னிக்கே எல்லாத் தட்டையும் கொல்லைக் கடைசியில கோழிக் கொட்டகைக்கு மாத்தினேன். இளைப்பு குறையல. "பாவம், புழு மேல அநியாயமா பழி போட்டுட்டோம்"னு இவரே சொன்னார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் விஷயத்துல அவர் தப்பை ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

நாத்தனாரை நான் குறை வைக்காமத்தான் பாத்துக்கிட்டேன். யாரை வேணும்னாலும் கேளுங்க. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டான்னு பக்கத்து வீட்டம்மா மூக்கு மேல விரல் வச்சாங்க. படுத்தா மூச்சு முட்டுதுன்னு நாத்தனார் உக்காந்தே தூங்குவாங்க, தலையணையை மடியில வச்சுக் கட்டிக்கிட்டு, அது மேல முகத்தைச் சாச்சுக்கிட்டு. ஒரு நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன்னை ரொம்பப் பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காதே"ன்னாங்க. அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் அண்ணின்னேன். அன்னிக்குச் சலிக்கிற நாள். சலிச்சு, புதுசு போட்டுத் தைச்சேன்.

கடைசியில பம்பு அடிச்சும் மூச்சு வரல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டாங்க.

துக்கத்துக்கு வந்த ஆளுங்க எல்லாம் கிளம்பினதும் அந்தத் தலையணையை எரிச்சிடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவர் அதைத் தூக்கிட்டு வந்து எங்க கட்டில்ல போட்டுக்கிட்டார். அக்கா வாசனை இருக்குன்னு முகத்தைப் புதைச்சுக்கிட்டு சின்னப் பையன் மாதிரி அழுதார். நான் பாயை எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்துட்டேன். எனக்கு அந்தத் தூள் ஒத்துக்குமோ ஒத்துக்காதோ, யாருக்குத் தெரியும்.

கொஞ்ச நாள்ல இவருக்கும் இருமல் வந்துச்சு. அக்காவை நெனச்சு நெனச்சு உடம்பைக் கெடுத்துக்கிறார்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் ஆமாம்னேன். ஆனா ஒண்ணு, இவர் அதுல தலை வச்சுப் படுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நான் அந்தத் தையலைப் பிரிக்கவே இல்ல. புதுசா ஒரு சிட்டிகைகூடப் போடல. இதை மறக்காம எழுதிக்குங்க மேடம்.

ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ரெண்டே நாள்ல முகம் தெளிஞ்சுது, சாப்பிட்டார். அப்புறம் அந்தத் தலையணை இல்லாம தூக்கம் வரலைன்னு என்னைக் கேட்டார். வீட்டுக்குப் போய் எடுத்து, மடியில வச்சுக்கிட்டு பஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி இளைப்பு ஏறிடுச்சு. நர்சம்மா உறை மாத்தும்போது தையல் விட்டு, தூள் கொட்டியிருக்கு. என்னைக் கேட்டிருந்தா நானே மாத்தியிருப்பேன்.

டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க, அது மாவுப்புழுத் தூள். நாத்தனாரைக் கொன்னது நான்தான், அதை நான் மறைக்கல. இவர் விஷயம் வேற. கேட்டதும் ஏன் எடுத்துக் கொடுத்தேன்னு நீங்களும் திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. கண்ணுல தண்ணியோட கேக்குற மனுஷன்கிட்ட எப்படி மேடம் மாட்டேன்னு சொல்றது. அக்கா தம்பி பாசத்துக்குக் குறுக்கே நிக்க நான் யாரு.