இடது மரை

பழைய லாரியில் சக்கரம் கழற்றுவது பொறுமையான வேலை, ஐயா. துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டே முறிந்துவிடும். டீசல் விட்டு ஊறவைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சூடு காட்ட வேண்டும். குத்தாலத்தில் பட்டறை வைத்த நாளிலிருந்து நான் எந்த நட்டையும் அவசரப்படுத்தியதில்லை.

அந்த லாரி என் மருமகன் பரிதியுடையது. நெல் மூட்டை ஏற்றிப் பிழைத்தவர். தங்கமானவர், அதை நான் மறுக்கமாட்டேன். என் மனைவி போன பிறகு மகள் குந்தவைதான் எனக்கு எல்லாம். கல்யாணமாகியும் அடுத்த தெருவில்தான் இருந்தாள். சாயங்காலம் வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டுப் போவாள்.

அவர்கள் ஓசூருக்குக் குடிபோக முடிவு செய்தார்கள். அங்கே கம்பெனிச் சரக்கு நிறையக் கிடைக்குமாம். "நீங்களும் வந்துடுங்க மாமா, மாடியில ஒரு ரூம் இருக்கு" என்று பரிதி கூப்பிட்டார். மருமகன் வீட்டு மாடியில் நான் எப்படி இருப்பது?

கிளம்புவதற்கு முந்தின நாள் லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன்பக்கம் இடது சக்கரத்து போல்ட்டுகள் தேய்ந்திருந்தன. "தூரப் பயணம் மாமா, நீங்க பார்த்துட்டா எனக்கு நிம்மதி" என்றார். நட்டுகள் லேசில் வரவில்லை. டீசலில் ஊறவைத்த பிறகு ஸ்பானரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்தேன். தேய்ந்த போல்ட்டுகளைச் சம்மட்டியால் தட்டி எடுத்தேன்.

இந்த மாதிரிப் பழைய வண்டியில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை போல்ட்தான், அதாவது இடப்பக்கம் திருகினால் இறுகுகிற போல்ட்தான், போட வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் நட்டு தளராது. நான் வலது மரையைப் போட்டேன். கைதவறி எடுக்கவில்லை, ஐயா. இரண்டும் என் அலமாரியில் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. நட்டுகளையும் முழுக்க இறுக்கவில்லை.

டீ கொண்டுவந்த குந்தவை பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டறையில் வளர்ந்த பெண். "ஏம்ப்பா, இந்தப் பக்கத்து நட்டை எதிர்ப்பக்கமாத்தானே முறுக்குவீங்க?" என்று கேட்டாள்.

"இது புது மாதிரிம்மா" என்றேன். நம்பினாள்.

வண்டி வழியில் நின்றால் சகுனம் சரியில்லையென்று திரும்பிவிடுவார்கள், அதற்காகத்தான் செய்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் மறுநாள் காலையில் அவள் லாரியில் ஏறப்போனபோது கையைப் பிடித்து இறக்கினேன். "நீ நாளைக்கு பஸ்ல போம்மா. இன்னைக்கு ஒரு நாள் அப்பாவுக்குச் சமைச்சுப் போடு" என்றேன். பரிதி சிரித்தார். "இருக்கட்டுங்க மாமா, நான் முன்னாடி போய் வீட்டைக் கழுவி வைக்கிறேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

கும்பகோணம் சாலை வளைவில் சக்கரம் கழன்று வயலுக்குள் ஓடியது. லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. சம்பாவுக்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம். கதவைத் திறக்க முடியவில்லை. செய்தி வந்ததும் ஓடிப்போய் நானும் இறங்கினேன். அவரை வெளியே தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று. அழுதேன். அது நடிப்பில்லை.

புகார் கொடுத்தது குந்தவை என்கிறீர்கள். துக்கத்தில் கொடுத்திருப்பாள். நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறாள். பரிதியைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துக் கேட்கிறீர்களோ போடுகிறேன். சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. புருஷனை இழந்த பெண்ணை வீட்டில் தனியாக விடக்கூடாது. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?